கட்டட ஏசி, ஹீட்டிங் அமைப்புகளில் கோளாறு கண்டறியும் மென்பொருள்களைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, மால் போன்ற பெரிய கட்டடங்களின் ஏசி, ஹீட்டிங் அமைப்புகளைக் கண்காணித்து, ஏதாவது கெட்டுப்போனால் தானாகவே எச்சரிக்கும் மென்பொருள்கள் இன்று பல விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றை நம்பலாமா, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று பராமரிப்புப் பொறியாளர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முறையாக நடந்து, முடிவுகள் பொதுவில் கிடைக்கும் சோதனைகளில் பல அமெரிக்க ஆய்வகங்களில் நடந்தவை என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

கேள்வி: இந்த மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது?

பி.எம்.எஸ். என்று நாம் சொல்லும் கட்டட மேலாண்மை அமைப்பில் வெப்பநிலை, காற்றழுத்தம், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, மின்விசிறி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று நூற்றுக்கணக்கான அளவுகள் பதிவாகிக்கொண்டே இருக்கும். மென்பொருள் அந்தப் பதிவுகளைப் படிக்கிறது. ஏதோ சரியில்லை என்று சொல்வது அதன் முதல் வேலை. எது சரியில்லை என்று சொல்வது இரண்டாவது வேலை. இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்பவை ஏராளம்.

கேள்வி: கோளாறு இருந்தால் கட்டடத்தில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடாதா? மென்பொருள் எதற்கு?

பல கோளாறுகள் யாருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றை ஈடுகட்டிவிடும். ஏ.எச்.யூ. என்பது காற்றைக் குளிர்வித்தோ சூடாக்கியோ அறைகளுக்கு அனுப்பும் யூனிட். அதில் வெந்நீர் வால்வு முழுவதும் மூடாமல் கசிகிறது என்று வையுங்கள். காற்று கொஞ்சம் சூடாகும். உடனே குளிர்நீர் வால்வு கூடுதலாகத் திறந்து அந்தச் சூட்டை இழுத்துவிடும். அறையில் 24 டிகிரி அப்படியே இருக்கும், புகார் வராது. வெந்நீர் தரும் பாய்லர் ஒருபக்கம் சூடாக்க, குளிர்நீர் தரும் சில்லர் மறுபக்கம் குளிர்விக்க, இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போய்க்கொண்டிருக்கும். வெளிக்காற்று டாம்பர் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) மாட்டிக்கொண்டு திறந்தபடியே நிற்பது, சென்சார் இரண்டு டிகிரி தள்ளிக் காட்டுவது, யாரோ ஒருநாள் கையால் மாற்றிவைத்த அமைப்பு மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது எல்லாம் இந்த வகைதான்.

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த கதிபமுலா, பிராம்பிலி ஆகியோர் 2005-இல் எழுதிய ஆய்வில், சரியாகப் பராமரிக்காத, சரியாகக் கட்டுப்படுத்தாத கருவிகளால் வணிகக் கட்டடங்களின் ஆற்றலில் 15 முதல் 30 சதவீதம் வீணாகிறது என்று மதிப்பிட்டார்கள். இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு அதுதான்.

கேள்வி: விற்பவர் "90 சதவீதம் துல்லியம்" என்கிறார். அது போதாதா?

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏ.எச்.யூ.வின் ஒருநாள் பதிவை ஒரு மாதிரி என்று கொள்வோம். மொத்தம் 1,000 மாதிரிகள், அவற்றில் 50-இல்தான் கோளாறு, மீதி 950 நல்ல நாட்கள். மென்பொருள் கோளாறுகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல நாட்களில் 10 சதவீதத்தில் தவறாகக் கத்துகிறது என்போம். 45 உண்மையான எச்சரிக்கைகளும் 95 பொய் எச்சரிக்கைகளும் வரும். மொத்தம் 140-இல் மூன்றில் ஒரு பங்குகூட உண்மை இல்லை. பராமரிப்பு ஊழியர் மூன்று முறை மாடி ஏறினால் இரண்டு முறை வெறுங்கையோடு இறங்குவார். சில வாரங்களில் அவர் திரையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார், அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். இதே 1,000 மாதிரிகளில் எதையுமே படிக்காமல் "எல்லாம் நலம்" என்று தினமும் சொல்லும் ஒரு நிரலுக்கு 95 சதவீதத் துல்லியம் கிடைக்கும். நம் மென்பொருளுக்குக் கிடைப்பது 90 தான்! ஆகவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் கேட்டுப் பயனில்லை. எத்தனை கோளாறுகளைப் பிடித்தது, நல்ல நாட்களில் எத்தனை முறை பொய்யாக எச்சரித்தது, சோதனைத் தரவில் கோளாறு நாட்களின் பங்கு என்ன என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைப் பலரும் கேட்பதே இல்லை. பாதிக்குப் பாதி கோளாறு நிறைந்த தரவில் அழகாகத் தெரியும் மென்பொருள், நிஜக் கட்டடத்துக்கு வந்ததும் பொய் எச்சரிக்கைகளைக் கொட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கேள்வி: ஒரு சோதனையில் என்னென்ன முடிவுகள் வரலாம்?

பர்டியூ பல்கலைக்கழகத்தில் யூயிலும் பிரவுனும் எல்லாப் பாகங்களும் ஒரே பெட்டியில் அடங்கிய பேக்கேஜ் ஏசி யூனிட்டுகளுக்கான கண்டறியும் முறைகளை மதிப்பிட்டபோது வகுத்த ஐந்து பிரிவுகள் எனக்குப் பிடித்தவை. சரியாகச் சொன்னது, பொய்யாக எச்சரித்தது, இருந்த கோளாறைத் தவறவிட்டது, கோளாறு உண்டு என்று சொல்லி எது என்பதை மாற்றிச் சொன்னது, எந்தப் பதிலும் தராமல் இருந்தது.

கடைசி இரண்டையும் விற்பனைக் கையேடுகளில் பார்க்க முடியாது. மாற்றிச் சொல்வதால் கைக்காசு போகும். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் காயிலில் (குழாய்ச்சுருளில்) அழுக்கு அடைந்திருக்கும்போது "கேஸ் கூடுதல்" என்று மென்பொருள் சொன்னால், டெக்னீஷியன் நல்ல அளவில் இருக்கும் குளிரூட்டியை வெளியேற்றி யூனிட்டை மேலும் கெடுத்துவிடுவார். பதில் தராமல் இருப்பதும் சின்ன விஷயமல்ல. வெப்பநிலை குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் வேலை செய்வேன் என்று ஒதுங்கிக்கொள்ளும் முறைகள் உண்டு. வருடத்தில் பாதி நாள் மௌனமாக இருந்துவிட்டு, பேசிய நாட்களை மட்டும் எண்ணிக் காட்டினால் மதிப்பெண் உயர்ந்துதானே தெரியும்?

கேள்வி: "கோளாறு" என்பதற்கு இவ்வளவு விளக்கம் தேவையா? கெட்டுப்போனால் கோளாறுதானே?

தேவை. இதைத் தீர்மானிக்காமல் தொடங்கிய சோதனையில் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2019-இல் முன்வைத்த மதிப்பீட்டுச் சட்டகம் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டுகிறது.

கசியும் குளிர்நீர் வால்வையே எடுத்துக்கொள்வோம். கருவியின் நிலையை வைத்துப் பார்த்தால், வால்வு பழுதான நாள் முதல் சரிசெய்யும் நாள் வரை எல்லா நேரமும் கோளாறுதான். நடத்தையை வைத்துப் பார்த்தால், வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மட்டுமே கோளாறு. குளிர்விக்கும் நேரத்தில் அது எப்படியும் திறந்துதான் இருக்கும், கசிவு பதிவில் தெரியவே தெரியாது. விளைவை வைத்துப் பார்த்தால், அந்தக் கசிவால் ஆற்றல் செலவோ அறை வசதியோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிக்கப்படும்போதுதான் கோளாறு.

இப்போது உச்சிவெயில் நாள் ஒன்றின் பதிவை மென்பொருளிடம் கொடுக்கிறீர்கள். அது "கோளாறில்லை" என்கிறது. சரியா, தவறா? முதல் வரையறைப்படி தவறவிட்டது. இரண்டாவதன்படி சரியாகச் சொன்னது. ஒரே பதிவு, ஒரே பதில், இரண்டு மதிப்பெண். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன்னால், இருவரும் ஒரே வரையறையைத்தான் பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். ஒரு மாதிரி என்பது ஒரு நிமிடமா, ஒரு நாளா, ஒரு வாரமா என்பதும் அப்படித்தான்.

என் கருத்தைக் கேட்டால், பராமரிப்புக் குழுவுக்கு நடத்தை அடிப்படையிலான வரையறை பொருந்தும். பதிவில் தெரியவே முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்று மென்பொருளைத் தண்டிப்பது நியாயமில்லை.

கேள்வி: சோதிக்கத் தேவையான தரவு எங்கே கிடைக்கும்?

மூன்று தொகுப்புகளைச் சொல்கிறேன்.

சில்லருக்கு: ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி, ஹீட்டிங் பொறியாளர் அமைப்பின் ஆய்வுத் திட்டம் 1043. பர்டியூவில் காம்ஸ்டாக், பிரவுன் ஆகியோர் 1999-இல் முடித்தது. ஆர்-134ஏ என்ற குளிரூட்டி நிரப்பிய, 90 டன் குளிர்விப்புத் திறனுள்ள சென்ட்ரிஃபியூகல் சில்லர் ஒன்றை ஆய்வகத்தில் வைத்து, 27 விதமான இயக்க நிலைகளில் ஓட்டினார்கள். கண்டென்சர் தண்ணீர் ஓட்டம் குறைவு, தண்ணீரைக் குளிர்விக்கும் எவாபரேட்டரில் தண்ணீர் ஓட்டம் குறைவு, குளிரூட்டி கசிவு, குளிரூட்டி மிகை, எண்ணெய் மிகை, கண்டென்சர் படிவு, குளிரூட்டியோடு கலந்த வேற்று வாயு என்று ஏழு கோளாறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு தீவிர நிலைகள். கால் நூற்றாண்டு கடந்தும் சில்லர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இந்தத் தரவையே நாடி வருகின்றன.

ஏ.எச்.யூ.வுக்கு: ஆஷ்ரே ஆய்வுத் திட்டம் 1312. அயோவா மாநிலத்தின் ஆங்கெனி என்ற ஊரில் இதற்கென்றே அமைந்த சோதனைக் கட்டடத்தில் நடந்தது. அங்கே ஒரே மாதிரியான இரண்டு ஏ.எச்.யூ.க்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, உள்பகுதி என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரியான இரண்டு அறைகள், ஏ.எச்.யூ.வுக்கு ஒன்றாக. ஒரு யூனிட்டில் கோளாறை உண்டாக்குவார்கள், மற்றது நல்லபடி ஓடும். ஒரே நாள், ஒரே வெயில், ஒரே மேகம். 2007 கோடை, 2008 குளிர்காலம், 2008 வசந்தம் என்று மூன்று பருவங்களிலும் சோதித்தார்கள். இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை நிஜக் கட்டடத்தில் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் பிற தேசிய ஆய்வகங்களோடும் டிரெக்செல் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து திரட்டிப் பொதுவில் வைத்திருக்கும் தொகுப்பு. 2020-இல் ஏ.எச்.யூ., கூரைமேல் வைக்கும் பேக்கேஜ் யூனிட் ஆகியவற்றுக்கான தரவு வந்தது. பிறகு ஃபேன் காயில் யூனிட், சில்லர் பிளான்ட், பாய்லர் பிளான்ட் முதலியவையும் சேர்ந்தன. எந்த நேரத்தில் எந்தக் கோளாறு, எவ்வளவு தீவிரம் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்லூரித் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கேள்வி: கோளாறுகளை வேண்டுமென்றே எப்படி உண்டாக்குகிறார்கள்?

கருவியை நிரந்தரமாகக் கெடுக்காமல், கெட்டது போலவே நடந்துகொள்ள வைக்க வேண்டும். வால்வு கசிவுக்கு, அதைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாய் போட்டுக் கையால் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். அயோவாவில் வெந்நீர் வால்வுக் கசிவை நிமிடத்துக்கு 0.4, 1.0, 2.0 காலன் என்று மூன்று படிகளில் வைத்தார்கள். குளிர்நீர் வால்வு மாட்டிக்கொண்டதைக் காட்ட, கட்டுப்பாட்டு நிரலிலேயே அதை 15 சதவீதத்திலோ 65 சதவீதத்திலோ நிறுத்திவைத்தார்கள். சென்சார் பிழைக்கு, வரும் அளவோடு ஓரிரு டிகிரி கூட்டினால் போதும். சில்லரின் கண்டென்சர் படிவுக்குச் சில குழாய்களை அடைத்தார்கள். வேற்று வாயுவுக்கு நைட்ரஜன் செலுத்தினார்கள்.

குழாயை அடைப்பதும் குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு படிவதும் ஒன்றா? முழுக்க ஒன்றல்ல. இரண்டிலும் வெப்பம் கடத்தும் திறன் குறைகிறது, ஆனால் அடைத்த குழாயில் தண்ணீர் போகவே போகாது, மற்ற குழாய்களில் வேகம் கூடும். இப்படிச் செயற்கைக் கோளாறு இயற்கைக் கோளாறிலிருந்து எங்கே விலகுகிறது என்பதைச் சோதனை அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் அந்த அறிக்கையை நம்பலாம்.

கேள்வி: கோளாறு இல்லாத நாட்களின் தரவு எதற்கு? கண்டுபிடிப்பதைத்தானே சோதிக்கிறோம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பொய் எச்சரிக்கையை அளக்க, உண்மையிலேயே நல்ல நிலையில் ஓடிய நாட்கள் வேண்டும். அவை கிடைப்பதுதான் மிகக் கடினம். கோளாறை நாமே உண்டாக்கினால் அது இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். ஆனால் "இன்று இந்த ஏ.எச்.யூ.வில் ஒரு குறையும் இல்லை" என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? புகார் வரவில்லை என்பது சான்றாகாது என்பதை மேலே பார்த்தோம். பழைய கட்டடமொன்றின் கடந்த ஆண்டுப் பதிவை எடுத்து, பராமரிப்புப் புத்தகத்தில் எதுவும் எழுதாத நாட்களையெல்லாம் "நல்ல நாள்" என்று குறித்தால், யாரும் கவனிக்காத கசிவுகளும் தள்ளிக் காட்டும் சென்சார்களும் அந்த நல்ல நாட்களுக்குள்ளேயே கிடக்கும். மென்பொருள் அவற்றைச் சரியாகப் பிடித்தாலும் சோதனை அதைப் பொய் எச்சரிக்கை என்று எழுதும். அந்த நாட்களைக் காட்டியே பழக்கிய மென்பொருளோ கசிவையே இயல்பு என்று கற்றுக்கொள்ளும்.

ஆகவே நல்ல நாள் தரவை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய உடலுழைப்பு உண்டு. ஒவ்வொரு சென்சாரையும் தனியாக ஒரு நல்ல கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். டாம்பரை 0, 50, 100 சதவீதத்துக்கு ஏவி, பிளேடு உண்மையில் நகர்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வால்வை மூடச் சொல்லிவிட்டு, காயிலுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர், பெல்ட், நேர அட்டவணை எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்த பிறகு வரும் பதிவைத்தான் "நல்லது" என்று குறிக்கலாம். அதையும் ஒரு பருவத்தில் மட்டும் எடுத்தால் பற்றாது. மழைநாள், விடுமுறைநாள், திங்கட்கிழமை காலைத் தொடக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொய் எச்சரிக்கைகள் அதிகம் கிளம்புவது இப்படிப்பட்ட ஓரங்களில்தான்.

கோளாறு நாட்களைவிட நல்ல நாட்களைத் திரட்டுவதில் அதிக உழைப்பைச் செலவிட்ட சோதனையையே நான் மதிப்பேன்.

கேள்வி: கணினி சிமுலேஷனில் எல்லாவற்றையும் செய்துவிட முடியாதா? செலவு குறையுமே?

பெருமளவு செய்யலாம், செய்கிறார்கள். எனர்ஜிபிளஸ், மாடலிகா போன்ற சிமுலேஷன் கருவிகளில் கட்டடத்தை வடிவமைத்து, ஒரு கோளாறை ஆண்டு முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கலாம். நிஜக் கட்டடத்தில் அப்படிச் செய்தால் குடியிருப்பவர்கள் விடமாட்டார்கள். சிமுலேஷனில் நல்ல நாள் என்பது சந்தேகமில்லாமல் நல்ல நாள். அது பெரிய வசதி.

குறை என்னவென்றால், சிமுலேஷன் தரவு மிகச் சுத்தமாக இருக்கும். நிஜத்தில் சென்சார் துடிக்கும், பதிவு இடையில் அறுந்துபோகும், வெளிக்காற்றும் கட்டடத்திலிருந்து திரும்பிவரும் காற்றும் சேரும் கலப்புக் காற்று அறைக்குள் சூடும் குளிருமாகப் பட்டை பட்டையாக ஓடி, சென்சார் எந்தப் பட்டையில் மாட்டியிருக்கிறதோ அதையே காட்டும். சிமுலேஷனில் தேறாததை மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. அதில் தேறியதை ஆய்வகத் தரவிலும், பிறகு நிஜக் கட்டடத்திலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: விதிகளை வைத்து வேலை செய்யும் மென்பொருளைச் சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லை மதிப்புகளை. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய ஏபார் என்ற விதித்தொகுப்பு பலருக்கும் தெரிந்தது. அதில் 28 விதிகள். எளிய ஒன்று: கலப்புக் காற்றின் வெப்பநிலை, வெளிக்காற்றுக்கும் திரும்பிவரும் காற்றுக்கும் இடையில்தான் இருக்க முடியும். இல்லையென்றால் மூன்று சென்சார்களில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

இதே மூன்று வெப்பநிலைகளை வைத்து, எவ்வளவு வெளிக்காற்று உள்ளே வருகிறது என்றும் கணக்கிடலாம். திரும்பிவரும் காற்று 24 டிகிரி, வெளியே 34, கலப்பு 26 என்றால் வெளிக்காற்று 20 சதவீதம். கலப்புச் சென்சார் ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால் கணக்கு 30 சதவீதம் என்று வரும், தாங்கலாம். ஆனால் வெளியே 26 டிகிரியாக இருக்கும் மாலையில் அதே 20 சதவீத வெளிக்காற்றுக்குக் கலப்பு 24.4 இருக்க வேண்டும். அதே ஒரு டிகிரிப் பிழை, 25.4 என்று காட்டும், கணக்கு 70 சதவீதத்துக்குத் தாவிவிடும். டாம்பர் முழுக்கத் திறந்துகிடக்கிறது என்று மென்பொருள் அலறும். டாம்பரோ அசையாமல் சரியான இடத்தில் இருக்கும்.

நல்ல மென்பொருள், வெளிக்கும் உள்ளுக்கும் போதிய வித்தியாசம் இல்லாத நேரங்களில் இந்தக் கணக்கைப் போடாது. உங்கள் சோதனையில் அப்படிப்பட்ட மாலைகள் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இயந்திரக் கற்றல் முறைகள் 99 சதவீதம் என்று கட்டுரைகளில் வருகிறதே, உண்மையா?

எண் உண்மையாக இருக்கலாம், தரவை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். ஒரே நாளின் நிமிடப் பதிவுகளைக் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் எடுத்தால், 10:05 மணிப் பதிவு பயிற்சியிலும் 10:06 மணிப் பதிவு சோதனையிலும் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. தேர்வுக்கு வரப்போகும் வினாத்தாளையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தது போல ஆகிவிடும். முழு நாட்களாகப் பிரிக்க வேண்டும். அதைவிட நல்லது, பயிற்சியில் இல்லாத தீவிர நிலை, பயிற்சியில் இல்லாத பருவம், முடிந்தால் பயிற்சியில் இல்லாத கட்டடம். கடைசி ஒன்றில் எண்கள் எப்படி விழுகின்றன என்று பார்த்தால்தான் அந்த முறையின் உண்மை மதிப்பு தெரியும்.

கேள்வி: பதிவு இடைவெளி எவ்வளவு இருக்கலாம்?

15 நிமிடப் பதிவு, நேர அட்டவணைப் பிழை, சென்சார் விலகல் போன்ற மெதுவான விஷயங்களுக்குப் போதும். வால்வு நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடுகிறது என்றால் அந்தப் பதிவில் அது தெரியவே தெரியாது. ஒரு நிமிடப் பதிவு கேளுங்கள். ஆய்வகத்தின் ஒரு நிமிடத் தரவில் தேறிய மென்பொருளை உங்கள் 15 நிமிடத் தரவில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் ஆய்வகத் தரவையும் 15 நிமிடமாகக் குறைத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதற்குச் சட்டமோ தரநிலையோ உண்டா?

கலிஃபோர்னியா மாநிலத்தின் 2013-ஆம் ஆண்டுக் கட்டட ஆற்றல் விதிகள், நடைமுறைக்கு வந்த 2014 ஜூலை முதல், எகானமைசர் பொருத்திய, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பேக்கேஜ் யூனிட்டுகளில் கோளாறு கண்டறியும் வசதியைக் கட்டாயமாக்கின. வெளிக்காற்று போதிய குளிர்ச்சியாக இருக்கும்போது சில்லரையோ கம்ப்ரசரையோ ஓட்டாமல் அந்தக் காற்றையே உள்ளே இழுக்கும் அமைப்புதான் எகானமைசர். சென்சார் பழுது, வெளிக்காற்றைப் பயன்படுத்த வேண்டிய நேரத்தில் பயன்படுத்தாமை, கூடாத நேரத்தில் பயன்படுத்துதல், டாம்பர் அசையாமை, தேவைக்கு மேல் வெளிக்காற்று என்று ஐந்தைக் கண்டறிய வேண்டும். பேக்கேஜ் யூனிட்டுகளுக்கான கண்டறியும் வசதியை ஆய்வகத்தில் சோதிக்க ஆஷ்ரே தரநிலை 207 இருக்கிறது. ஏ.எச்.யூ. கட்டுப்பாட்டு வரிசைகளைச் சொல்லும் ஆஷ்ரே வழிகாட்டி 36-இல் கோளாறு கண்டறியும் விதிகளும் சேர்ந்தே வருகின்றன.

கேள்வி: அங்கே தேறிய மென்பொருள் சென்னையில் வேலை செய்யுமா?

அப்படியே நம்பி வாங்க வேண்டாம். கலிஃபோர்னியா விதி கேட்கும் ஐந்தும் எகானமைசரைச் சுற்றியவை. சென்னையில் ஜனவரி அதிகாலைகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். வெளிக்காற்றால் குளிர்விக்கும் நேரம் மிகக் குறைவு. வெந்நீர்க் காயில் இல்லாத ஏ.எச்.யூ.க்களே இங்கு அதிகம். ஆக, அமெரிக்கத் தரவில் மென்பொருள் வாங்கிய மதிப்பெண்ணில் பெரும்பகுதி நமக்கு வேண்டாத பாடங்களில் வாங்கியது.

நமக்கு வேண்டியவை வேறு. உப்புத் தண்ணீரால் கண்டென்சர் குழாய்களில் படியும் படிவு. இதைப் பிடிக்க, குளிரூட்டி திரவமாகும் வெப்பநிலைக்கும் கண்டென்சரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் இடையிலான வித்தியாசம் மாதாமாதம் எப்படிக் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் திறந்துகிடக்கும் வெளிக்காற்று டாம்பர் கொண்டுவரும் ஈரம். குளிர்நீர் போகும்போதும் திரும்பும்போதும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் சுருங்கி, பம்புகள் வீணாக ஓடுவது. சில்லர் தரவுத் திட்டமான 1043 நமக்கு ஓரளவு பொருந்தும். ஏ.எச்.யூ. தரவில் அயோவாவின் கோடை நாட்களை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்குவதற்கு முன் என் கட்டடத்திலேயே நான் சோதிக்கலாமா?

தாராளமாக. செய்தே ஆக வேண்டும் என்பேன். முக்கியத்துவம் குறைந்த பகுதிக்குப் போகும் இரண்டு ஏ.எச்.யூ.க்களைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்னபடி இரண்டையும் முதலில் நன்றாகச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு ஒரு அட்டவணை தயாரியுங்கள். எந்த நாளில் எந்தக் கோளாறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு தீவிரம் என்று எழுதி, மென்பொருள் நிறுவனத்துக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று டாம்பரை 40 சதவீதத்தில் நிறுத்துவது, அறைகளுக்குப் போகும் சப்ளை காற்றின் சென்சாரில் 2 டிகிரி கூட்டுவது, இரவு 8 மணிக்கு நிற்க வேண்டிய யூனிட்டை விடிய விடிய ஓடவிடுவது போன்றவை செலவில்லாமல் செய்யக்கூடியவை. இடையிடையே எதுவுமே செய்யாத நாட்களை நிறைய விடுங்கள். அந்த நாட்களில் வரும் எச்சரிக்கைகளைத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

லேசான தீவிரத்தில் தொடங்குங்கள். டாம்பரை 100 சதவீதத்தில் திறந்துவைத்தால் எந்த மென்பொருளும் பிடித்துவிடும். எந்த அளவில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதே கேள்வி. எத்தனை மணி நேரத்தில் பிடித்தது என்பதையும் குறியுங்கள். ஒரே கோளாறுக்கு ஒன்பது எச்சரிக்கைகள் வந்தால் அதையும் எழுதுங்கள். மாட்டிக்கொண்ட ஒரு டாம்பர், கலப்பு வெப்பநிலை, வால்வு நிலை, அறை ஈரப்பதம் என்று சங்கிலியாகப் பல விதிகளைத் தட்டிவிடும். அவற்றையெல்லாம் ஒரே காரணத்தின் கீழ் சேர்த்துக் காட்டும் மென்பொருளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆய்வகம், சர்வர் அறை ஆகியவற்றுக்குப் போகும் யூனிட்டுகளைத் தொடாதீர்கள். புகை வெளியேற்றும் அமைப்பு, சில்லரின் பாதுகாப்பு நிறுத்தங்கள் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் மீறிவைக்காதீர்கள். உறைபனி விழும் ஊர்களில் குளிர்காலத்தில் வெளிக்காற்று டாம்பரைத் திறந்துவைத்துச் சோதித்தால் காயிலுக்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். பணிமுறை ஊழியர்கள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்து, சோதனைக்காக மாற்றிவைத்த ஒவ்வொன்றையும் அன்றே பழைய நிலைக்குக் கொண்டுவந்ததாகக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்தால் மின்கட்டணம் எவ்வளவு குறையும்?

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2016 முதல் 2020 வரை நடத்திய இயக்கம் ஒன்றில் பங்கேற்ற அமெரிக்க நிறுவனங்களில், கோளாறு கண்டறியும் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் கிடைத்த ஆற்றல் சேமிப்பின் இடைநிலை மதிப்பு 9 சதவீதம். வெறும் ஆற்றல் கண்காணிப்புத் திரை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு 3 சதவீதம். இவர்கள் அக்கறையோடு முன்வந்து பங்கேற்றவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்ய ஆள் இல்லாத கட்டடத்தில் இந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: என் சோதனையில் மென்பொருள் தோற்றால் உடனே நிராகரித்துவிடலாமா?

எதில் தோற்றது என்று பாருங்கள். பொய் எச்சரிக்கை மட்டும் அதிகம் என்றால் எல்லை மதிப்புகளைத் தளர்த்தினால் சரியாகலாம். நிறுவனத்தாருக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள். ஆனால் சரிசெய்து முடித்த பிறகு அதே நாட்களின் பதிவை மறுபடி ஓட்டிக் காட்ட விடாதீர்கள். புது நாட்கள், புது அட்டவணை, லேசாக மாற்றிய தீவிரம் என்று வைத்து மறுபடி சோதியுங்கள். எல்லையைத் தளர்த்தியதில் முன்பு பிடித்த கோளாறுகள் கைநழுவிப் போகின்றனவா என்பதும் அப்போது தெரியும். எது சரியில்லை என்பதைத் திரும்பத் திரும்ப மாற்றிச் சொல்கிறது என்றால், முதலில் உங்கள் பி.எம்.எஸ். புள்ளிகளின் பெயர்கள் மென்பொருளில் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சப்ளை காற்றும் திரும்பிவரும் காற்றும் இடம் மாறிக் கிடப்பது அரிதல்ல. அதைத் திருத்திய பிறகும் மாற்றிச் சொன்னால் வேறு மென்பொருளைப் பாருங்கள்.